பாடு நோட்டும் ரத்தப் பேரேடும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு நினைச்சுத் தள்ளிப்போட்ட பதிவு இது. கொஞ்சம் நீளம்தான். டீயோ காபியோ பக்கத்துல வச்சுக்கிட்டுப் படிங்க. முதல்லயே சொல்லிடறேன், நான் டாக்டரும் இல்லை, விஞ்ஞானியும் இல்லை. பழைய கணக்குப் புத்தகங்கள் மேல கொஞ்சம் பைத்தியம், அவ்வளவுதான். அந்தப் பைத்தியம் என்னை எங்கே கொண்டுபோய் விட்டதுங்கறதுதான் கதை.

அம்மாவோட ஊர் பழவேற்காடு ஏரிக்கரையில ஒரு குப்பம். பேர் வேண்டாம். சின்ன வயசு லீவெல்லாம் அங்கேதான். ஒரு பக்கம் ஏரி, இன்னொரு பக்கம் கடல், வடக்கே ஸ்ரீஹரிகோட்டா. ஏரியோட பெரும்பகுதி ஆந்திராவுல, நம்ம பங்கு தெற்கு ஓரம் மட்டும்தான். சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவுல பெரிய உப்பங்கழி இதுதான்.

அந்த ஊர்ப் பட்டினவர் குப்பங்கள்ல "பாடு"ன்னு ஒரு முறை உண்டு. ஏரியில இறால் நல்லா விழற இடங்கள் சிலதுதான். எல்லாரும் ஒரே நாள்ல அங்கே வலை கட்டினா சண்டைதான் மிஞ்சும். அதனால தலைக்கட்டுக் கணக்குல பேரை எழுதி, சீட்டுக் குலுக்கி, இன்னிக்கு இந்த இடம் உனக்கு, நாளைக்கு எனக்குன்னு முறை வச்சுப் பிடிப்பாங்க. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் மூணும் இதுக்குப் பேர்போன ஊருங்க. பொதுச்சொத்தை மக்கள் தாங்களே எப்படி ஆண்டாங்கன்னு ஆராய வந்தவங்க இந்தப் பாட்டைப் பத்திக் கட்டுரையே எழுதியிருக்காங்க.

எங்க தாத்தா ஒரு நீள நோட்டுல இந்த முறையை எழுதி வச்சிருப்பார். யாருக்கு எந்த நாள், யார் முறையை விட்டார், யார் பையன் கல்யாணமாகிப் புதுசாத் தலைக்கட்டு ஆனான், எல்லாம் அதுல இருக்கும். 2015 டிசம்பர் மழையில அந்த நோட்டு ஊறிக் கூழாப்போச்சு. பெருசுங்க நாலு பேர் உக்காந்து வாயாலேயே சொல்லித் திரும்ப எழுதினாங்க. ஒருத்தரும் சண்டை போடலை. அப்ப எனக்கு அது பெரிய விஷயமாத் தெரியலை. இப்பத் தெரியுது.

மச்சானோட ரிப்போர்ட்

மாமாவுக்கு ரெண்டு பையன்கள். பெரியவன் 31 வயசுல, வலை இழுத்துக்கிட்டு இருந்தப்பவே படகுல சாய்ஞ்சான். கரைக்குக் கொண்டு வர்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் சின்னவனைப் பயந்து பயந்து சென்னைக்குக் கூட்டிப்போய் எக்கோ எடுத்தோம். இதயச் சுவர் தடிச்சிருக்குன்னாங்க. பரம்பரையா வர்றதா இருக்கலாம், மரபணுச் சோதனை பண்ணிப் பாக்கலாம்னு டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

ரிப்போர்ட் வந்தது. இதயத் தசைக்கான ஒரு மரபணுவுல ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கு. அதுக்குக் கீழே ஒரு வரி, "இந்த மாற்றத்தின் பொருள் தெளிவாகத் தெரியவில்லை".

மச்சான் எங்கிட்ட நீட்டி, "படிச்சவன்தானே, இதுக்கு என்னடா அர்த்தம்?"னான். எனக்கு என்ன தெரியும்? டாக்டர்கிட்டயே கேட்டோம். அவர் பொறுமையாச் சொன்னார்: "உங்களுக்கு மருந்து, எச்சரிக்கை எல்லாம் எக்கோவை வச்சே முடிவு பண்ணிடலாம். அதுக்கு இந்த எழுத்து தேவையில்லை. ஆனா உங்க பொண்ணு விஷயத்துலதான் சிக்கல். இந்த எழுத்துதான் காரணம்னு உறுதியாத் தெரிஞ்சா, பாப்பாவுக்கு அது இருக்கா இல்லையான்னு ஒரே சோதனையில பாத்துடலாம். இல்லைன்னா நிம்மதியா விட்டுடலாம். உறுதியாத் தெரியாதவரைக்கும் அவளை வருஷக்கணக்கா எக்கோவுக்குக் கூட்டிக்கிட்டு அலைய வேண்டியதுதான்."

பாப்பாவுக்கு நாலு வயசு.

"அது எப்ப உறுதியாகும் சார்?"னு கேட்டேன். "இதே எழுத்து வேற யாருக்காவது இருந்து, அவங்களுக்கு என்ன ஆச்சுன்னு யாராவது எழுதி வச்சிருந்தா ஆகும்"னார்.

எழுதி வச்சிருந்தா... எனக்குத் தாத்தாவோட நோட்டு ஞாபகம் வந்துடுச்சு. அன்னிக்கு ராத்திரி ஆரம்பிச்சதுதான் இந்தத் தேடல்.

முதல் பேரேடுகள்

நம்ம ஒவ்வொருத்தர் உடம்புலயும் சுமார் 300 கோடி எழுத்து கொண்ட ஒரு புத்தகம் இருக்குன்னு வச்சுக்குங்க. எந்த ரெண்டு பேர் புத்தகமும் அச்சு அசலா ஒண்ணா இருக்காது. பொதுவான ஒரு பிரதியோட ஒப்பிட்டா ஒரு ஆளுக்கு 40, 50 லட்சம் இடங்கள்ல வித்தியாசம் இருக்கும். அதுல பெரும்பாலானவை சும்மா. சிலது மட்டும் நோய். எது சும்மா, எது நோய்னு அந்த எழுத்தைப் பாத்த மாத்திரத்துல சொல்ல முடியாது. ஊர் உலகத்துல வேற யாருக்கு இருக்குன்னு பட்டியல் பாத்துத்தான் சொல்லணும்.

அந்தப் பட்டியலை முதல்ல புத்தகமாப் போட்டவர் அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல இருந்த விக்டர் மெக்கூசிக். 1966-ல "மனிதனில் மெண்டலிய மரபு"ங்கற பேர்ல வந்தது. பரம்பரை நோய் ஒவ்வொண்ணுக்கும் ஒரு எண், ஒரு குறிப்பு. 1998 வரைக்கும் 12 பதிப்பு. 1987-லயே கணினி வழியாவும் பாக்கற மாதிரி ஆக்கிட்டாங்க. மெக்கூசிக் 2008-ல போய்ச் சேர்ந்தார். பேரேடு நிக்கலை, அடுத்த தலைமுறை எழுதிக்கிட்டு இருக்கு.

ஆனா ஒவ்வொரு மாற்றத்தையும் தனித்தனியா எழுதற பழக்கம் வந்தது ரத்தத்துல இருந்துதான். ஹீமோகுளோபின்தான் கைக்குச் சுலபமாச் சிக்கற பொருள். கொஞ்சம் ரத்தம் போதும். 1949-ல லைனஸ் பாலிங் குழு, அரிவாள் செல் நோய் ஒரு மூலக்கூறோட நோய்னு காட்டினாங்க. 1956, 57-ல வெர்னன் இங்கிராம், அந்த மூலக்கூறுல ஒரே ஒரு அமினோ அமிலம்தான் மாறியிருக்குன்னு கண்டுபிடிச்சார்.

இதுக்கு நடுவுல நம்ம ஊர் வர்றதைப் பாருங்க. 1952-ல ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் ரெண்டு பேரும் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல ஒரு கட்டுரை போட்டாங்க. நீலகிரியில இருளர், குறும்பர், பணியர் மக்களோட ரத்தத்துல அரிவாள் செல் கூறு இருக்குன்னு. அதுவரைக்கும் அது ஆப்பிரிக்க வம்சாவளிக்காரங்க நோய்னே பெரும்பாலும் நினைச்சிருந்தாங்க. உலகப் பேரேட்டுல தமிழ்நாட்டு மலைக்காரங்க ரத்தம் அப்பவே ஏறியாச்சு.

ஒரே மீனுக்கு நாலு பேரு

எங்க ஊர்ல ஒரே மீனுக்கு ஏரிக்கரையில ஒரு பேரு, கடற்கரையில ஒரு பேரு, காசிமேட்டுல ஒரு பேரு இருக்கும். புதுசா வர்றவன் மூணும் வேற வேறன்னு நினைச்சு ஏமாந்துடுவான். ஹீமோகுளோபின்ல நடந்ததும் அதுதான்.

முதல்ல ஆங்கில எழுத்தால பேர் வச்சாங்க. ஏ, எஸ், சி, டி, ஈ... புதுசு புதுசா வர வர எழுத்து பத்தலை. சரி, கண்டுபிடிச்ச ஊர் பேரையே வைப்போம்னாங்க. ஒரே மாற்றத்தை நாலு ஊர்ல நாலு பேர் கண்டுபிடிச்சு நாலு பேர் வச்சுட்டாங்க. டி-லாஸ் ஏஞ்சல்ஸ், டி-பஞ்சாப், டி-சிகாகோ, டி-போர்ச்சுகல் எல்லாமே ஒண்ணுதான்! பீட்டா சங்கிலியில 121-ஆம் இடத்துல குளுடாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்துல குளுடமின். பஞ்சாப்ல ஒருத்தருக்கு இருக்கறதும் லாஸ் ஏஞ்சல்ஸ்ல ஒருத்தருக்கு இருக்கறதும் ஒண்ணுன்னு தெரியறதுக்கே தனி ஆராய்ச்சி தேவைப்பட்டுச்சு.

எண்ணிக்கையிலயும் வம்பு. அரிவாள் செல் மாற்றம் 6-ஆம் இடத்துலன்னு பழைய புத்தகம் சொல்லும், புது ரிப்போர்ட் 7-ஆம் இடம்னு சொல்லும். ரெண்டும் சரி. புரதம் தயாராகும்போது முதல்ல வந்து அப்புறம் வெட்டுப்பட்டுப் போற மெத்தியோனினைக் கணக்குல சேர்த்தா 7, விட்டா 6. இப்ப உலக அளவுல ஒத்துக்கிட்ட பெயரிடும் விதி அதையும் சேர்த்துத்தான் எண்ணச் சொல்லுது. சில்லறை விஷயமாத் தெரியலாம். ஆனா ஒரு ஆஸ்பத்திரி 6-னு எழுதி, இன்னொண்ணு 7-னு எழுதினா, தேடறவனுக்கு ரெண்டும் ஒண்ணுன்னு எப்படித் தெரியும்?

டச்சுக்காரனும் கணக்கும்

இந்த இடத்துல பழவேற்காட்டுக்காரனா எனக்கு ஒரு ஆச்சரியம். எங்க ஊர்ல டச்சுக்காரங்க 1613-ல ஜெல்ட்ரியா கோட்டையைக் கட்டினாங்க. இப்பக் கோட்டை இருந்த இடத்துல முள்ளுக்காடுதான், கல்லறைத் தோட்டம் மட்டும் மிச்சம். அவங்க எழுதாத கணக்கே கிடையாது. துணிக்குக் கணக்கு, வெடிமருந்துக்குக் கணக்கு. இங்கேருந்து பட்டாவியாவுக்குக் கப்பல்ல ஏத்திவிட்ட அடிமைகளும் அவங்க கணக்குல எண்ணிக்கைதான். அந்தப் பேரேடுகள் இன்னும் பத்திரமா இருக்கு.

மரபணுப் பேரேட்டைத் தேடிப்போனா அங்கேயும் முன்னாடி நிக்கறது நெதர்லாந்துக்காரங்கதான்! 1975-ல டி யாங், மீரா கான், பெர்னினி மூணு பேரும் சேர்ந்து ஆந்திரத்துக் கோயா தொரா பழங்குடிகள்கிட்ட ஒரு புது ஹீமோகுளோபினைப் பத்தி எழுதினாங்க. நிறுத்தற்குறி மாறிப்போனதால 141 அமினோ அமிலத்தோட நிக்க வேண்டிய ஆல்பா சங்கிலி நிக்காம நீண்டுக்கிட்டே போகுது. அந்த மக்கள்ல நிறையப் பேருக்கு அது இருந்துச்சு. அதுக்குப் பேரே "ஹீமோகுளோபின் கோயா தொரா". நெதர்லாந்துல பிறந்து அமெரிக்காவுல வேலை பார்த்த டைட்டஸ் ஹூயிஸ்மன், இப்படி உலகம் பூரா வந்த ஹீமோகுளோபின் மாற்றங்களை எல்லாம் 1996-ல ஒரே தொகுப்பாப் போட்டார். அந்தப் புத்தகத்தை அடிப்படையா வச்சு 2001 வாக்குல உருவானதுதான் "எச்பிவார்"ங்கற இணையத் தரவுத்தளம். ஆயிரத்துக்கும் மேல பதிவுகள் இருக்கு.

இது போதாதுன்னு, லெய்டன் பல்கலைக்கழக மருத்துவ மையத்துல யோஹான் டென் டன்னன் குழு ஒரு காரியம் பண்ணாங்க. யார் வேணும்னாலும் தனக்குத் தெரிஞ்ச மரபணுவுக்கு ஒரு பேரேடு ஆரம்பிச்சுக்கலாம்னு ஒரு மென்பொருளை இலவசமாக் கொடுத்தாங்க. அதைப்பத்தின முதல் கட்டுரை 2005-ல வந்தது. லெய்டன் திறந்த மாறுபாட்டுத் தரவுத்தளம், சுருக்கமா எல்ஓவிடி. தசைச்சிதைவு நோயில ஆரம்பிச்சு இன்னிக்கு ஆயிரக்கணக்கான மரபணுவுக்கு அதுல நோட்டு ஓடுது. எங்க ஊர்ல மனுஷனைக் கணக்கெழுதி வித்த நாட்டுக்காரன், நாலு நூற்றாண்டு கழிச்சு மனுஷனைக் காப்பாத்தக் கணக்கெழுதறதுக்கு நோட்டு அடிச்சு இலவசமாக் கொடுக்கறான். வரலாறுக்கு இப்படியும் ஒரு வளைவு :-)

எல்லா நோட்டையும் ஒண்ணு சேர்க்கணும்னு ஆயுசு முழுக்க அலைஞ்சவர் ஆஸ்திரேலியாக்காரர் ரிச்சர்ட் காட்டன். 1992-ல "ஹியூமன் மியூட்டேஷன்"னு ஒரு பத்திரிகை தொடங்கினவர்கள்ல ஒருத்தர். 2006 ஜூன்ல மெல்போர்ன்ல ஒரு கூட்டம் போட்டு "மனித வேரியோம் திட்டம்"னு ஆரம்பிச்சார். உலகத்துல எந்த மூலையில எந்த மாற்றம் கண்டுபிடிச்சாலும், அதால என்ன ஆச்சுங்கறதோட சேர்த்து, எல்லாரும் பாக்கற மாதிரி எழுதணும்ங்கறதுதான் நோக்கம். 2015-ல அவர் இறந்துட்டார்.

முகத்துவாரம் தூர்ந்தா ஏரி செத்துடும்

எங்க ஏரியில வெள்ளம் வரும், மீன் வரும், எல்லாம் சரி. ஆனா கடலும் ஏரியும் கலக்கற முகத்துவாரம் மணல் மூடிக்கும். கடல் தண்ணி உள்ளே வராது, இறால் குஞ்சு உள்ளே வராது. அப்பப்பத் தூர் வாரிக்கிட்டே இருக்கணும். ஒரு தடவை வெட்டி விட்டுட்டு, விழா எடுத்துட்டுப் போனா மறு வருஷம் பழைய கதைதான்.

தரவுத்தளமும் அப்படியே. ஆரம்பிக்கறதுக்குப் பணம் கிடைச்சுடும், ஆய்வுக்கட்டுரையும் வந்துடும். அப்புறம்? வாரா வாரம் புதுசாச் சேர்க்கணும், தப்பைத் திருத்தணும், சர்வருக்கு வாடகை கட்டணும். இதுக்கு யாரும் பரிசு கொடுக்கறதில்லை. ஆராய்ச்சி மாணவன் பட்டம் வாங்கிப் போயிட்டா நோட்டும் நின்னுடும்.

இதுக்கு விதவிதமா வழி தேடியிருக்காங்க. வேல்ஸ்ல கார்டிஃப் பல்கலைக்கழகத்துல டேவிட் கூப்பர் குழு 1996-ல மனித மரபணு மாற்றத் தரவுத்தளத்தை இணையத்துல ஏத்தினாங்க. ஆய்வுக்கட்டுரைகளை ஆள் வச்சுப் படிச்சு ஒவ்வொண்ணாச் சேர்க்கற வேலை. செலவு கட்டுபடியாகாம வணிக நிறுவனங்களோட கூட்டு வச்சாங்க. பணம் கட்டினவங்களுக்குப் புதுசு, மத்தவங்களுக்குச் சில வருஷம் பின்தங்கின பழசுன்னு ஆச்சு. குறை சொல்ல மனசு வரலை, அப்படியாவது நோட்டு உயிரோட இருந்துச்சு. ஆனா இல்லாதவனுக்கு நேத்தைய மீன்தான்.

இன்னொரு கதை கொஞ்சம் கசப்பானது. மார்பகப் புற்றுநோய் மரபணுக்களுக்கு 1995-லயே அமெரிக்காவுல ஒரு பொதுப் பேரேடு இருந்துச்சு. அந்த மரபணுக்களுக்குக் காப்புரிமை வச்சிருந்த மிரியாட் நிறுவனம் ஆரம்பத்துல தன் முடிவுகளை அதுல போட்டுக்கிட்டு இருந்தது. 2004 வாக்குல நிறுத்திடுச்சு. அங்கே அந்தச் சோதனையை அவங்கதான் பண்ணணும்ங்கற நிலைமை, முடிவுகளும் அவங்க பெட்டிக்குள்ளே. 2013 ஜூன்ல அமெரிக்க உச்ச நீதிமன்றம், இயற்கையில உள்ள மரபணுவுக்குக் காப்புரிமை செல்லாதுன்னு தீர்ப்பு சொல்லிடுச்சு. ஆனா சேர்த்து வச்ச பட்டியல் அவங்க கையிலதானே? அதனால டாக்டர்களும் நோயாளிகளும் தங்கள் ரிப்போர்ட்டைத் தாங்களே பொதுவுல கொடுக்க ஆரம்பிச்சாங்க. அதே 2013-லதான் அமெரிக்க அரசு "கிளின்வார்"ங்கற திறந்த தரவுத்தளத்தைக் கொண்டு வந்தது. எந்த ஆய்வகமும் எழுதலாம், யாரும் பாக்கலாம். ரெண்டு ஆய்வகம் ஒரே மாற்றத்துக்கு வேற வேற அர்த்தம் சொன்னா அந்த முரண்பாடும் அங்கேயே தெரியும். ஊர்க்கூட்டத்துல நோட்டை நடுவுல விரிச்சு வச்ச மாதிரி.

நம்ம பக்கம் ஏன் காலி?

மச்சான் விஷயத்துக்கு வர்றேன். அவன் எழுத்துக்கு ஏன் அர்த்தம் தெரியலை? பேரேட்டுல பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளிக்காரங்க. நம்ம ஆட்கள் குறைவு. இதனால ரெண்டு மாதிரி ஆபத்து.

ஒண்ணு, சும்மா இருக்கறதை நோய்னு சொல்றது. 2016-ல நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ்ல ஒரு ஆய்வு வந்தது, அதுவும் மச்சானோட இதே இதயத் தசைத் தடிப்பு நோயைப் பத்தி. நோய்க்குக் காரணம்னு சொல்லப்பட்ட சில மாற்றங்கள், கறுப்பின அமெரிக்கர்கள்ல ஆரோக்கியமா இருக்கறவங்களுக்கும் சகஜமா இருக்குன்னு தெரிஞ்சது. ஆரம்பகால ஆய்வுகள்ல ஒப்பிட்டுப் பாக்கறதுக்குக் கறுப்பின மக்கள் போதுமான அளவு இல்லை. அதனால சிலருக்கு இல்லாத பரம்பரை நோயை இருக்குன்னு சொல்லி அனுப்பியிருக்காங்க. பட்டியல்ல இல்லாத சமூகம் தப்பாப் படிக்கப்படும்.

இன்னொண்ணு, நம்மகிட்ட மட்டும் இருக்கறது கண்ணுக்கே படாமப் போறது. 2003-ல சில இந்தியக் குடும்பங்கள்ல எம்ஒய்பிபிசி3ங்கற இதயத் தசை மரபணுவுல 25 எழுத்து விடுபட்டிருக்கறதைப் பாத்தாங்க. ஏதோ ரெண்டொரு குடும்பத்து விஷயம்னு விட்டிருக்கலாம். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துல இருந்த பெருந்துறை தண்டபாணி விடலை. ஹைதராபாத் தங்கராஜ் முதலான பலரோட சேர்ந்து ஆயிரக்கணக்கானவங்களோட மாதிரியைப் பாத்தாங்க. 2009-ல நேச்சர் ஜெனடிக்ஸ் இதழ்ல முடிவு வந்தது. இந்தியத் துணைக்கண்டத்து மக்கள்ல சுமார் 4 சதவீதம் பேருக்கு அது இருக்கு, இருக்கறவங்களுக்கு இதயச் செயலிழப்பு ஆபத்து சுமார் 7 மடங்கு. உலகப் பேரேட்டுல இல்லாத ஒண்ணு நூத்துல நாலு பேர்கிட்ட!

கதை அதோட முடியலை. 2018-ல வந்த ஆய்வு, அந்த 25 எழுத்து விடுபட்டவங்கள்ல ஒரு சிலருக்கு மட்டும் கூடவே இன்னொரு மாற்றமும் இருக்கு, ஆபத்துல பெரும்பங்கு அதனால இருக்கலாம்னு சொல்லிச்சு. அப்ப 2009-ல எழுதின வரியைத் திருத்தணும் இல்லையா? அதான் சொல்றேன், எழுதறது ஒரு நாள் வேலை, திருத்தறது ஆயுசு வேலை. (மச்சானுக்கு இருக்கறது இந்த 25 எழுத்து இல்லை. அது இருந்திருந்தா எங்களுக்குக் கொஞ்சமாவது படிக்கறதுக்கு இருந்திருக்கும்.)

கோவை பாரதியார் பல்கலைக்கழகத்துப் பூபதி குழு 2006-ல சொன்னதும் இந்த ரகம்தான். வைசிய சமூகத்துல சிலருக்கு ஒரு நொதி வேலை செய்யறதில்லை. சாதாரண நாள்ல ஒண்ணும் தெரியாது. ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுக்கும்போது தசையைத் தளர்த்தற ஒரு குறிப்பிட்ட மருந்தைப் போட்டா, நிமிஷத்துல தெளிய வேண்டியது மணிக்கணக்கா மூச்சு வராமக் கிடப்பாங்க. முன்கூட்டியே தெரிஞ்சா வேற மருந்து போட்டுடலாம், அவ்வளவுதான் வைத்தியம்.

ஏன் சமூகத்துக்குச் சமூகம் இப்படி? நூற்றாண்டுக்கணக்கா அவங்கவங்க வட்டத்துக்குள்ளேயே கல்யாணம். 2017-ல வந்த ஒரு பெரிய ஆய்வு 260-க்கும் மேற்பட்ட தெற்காசியச் சமூகங்களைப் பாத்து, அதுல 81 சமூகம் யூதர்களையும் ஃபின்லாந்துக்காரங்களையும் விடச் சிறிய மூதாதையர் கூட்டத்துல இருந்து வந்ததுன்னு சொல்லிச்சு. மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள்னு நாம சொந்தத்துக்குள்ள கட்டறது தனி. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வுப்படி தமிழ்நாட்டுல 28 சதவீதம் கல்யாணம் சொந்தத்துல. அப்பா, அம்மா ரெண்டு பக்கமும் ஒரே பழுது இருந்தாத்தான் வர்ற நோய்களுக்கு இது வசதி. நம்மளை மாதிரி ஆட்களுக்கு ஒவ்வொரு குப்பத்துக்கும் ஒரு பக்கம் தேவைப்படும் பேரேட்டுல.

முயற்சி நடக்காம இல்லை. 2008-ல இந்திய மரபணு வேறுபாட்டுக் கூட்டமைப்பு 55 சமூகங்கள்ல 1,871 பேரோட மாதிரியைப் பாத்து முடிவு வெளியிட்டது. 2010 கடைசியில கொல்கத்தாவுல இந்திய வேதி உயிரியல் கழகத்துக்காரங்க 52 நோய்களுக்கு இந்திய மரபணு நோய்த் தரவுத்தளம் கொண்டுவந்தாங்க. டெல்லி ஐஜிஐபி நிறுவனம் 1,029 பேரோட முழு மரபணுத் தொகுதியைப் படிச்சு இணையத்துல போட்டது. அஞ்சரைக் கோடி மாறுபாடுகள். அதுல மூணுல ஒரு பங்கு வேற எந்த உலகப் பட்டியல்லயும் இல்லாதது! 2020-ல தொடங்கின ஜீனோம் இந்தியா திட்டத்துல 20 நிறுவனங்கள் சேர்ந்து 10,000 பேரோட தொகுதியைப் படிச்சாங்க. 2025 ஜனவரி 9-ல அந்தத் தரவு ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டது, ஃபரிதாபாத்ல உள்ள இந்திய உயிரியல் தரவு மையத்துல இருக்கு.

யாரோட ரத்தம், யாரோட நோட்டு?

இவ்வளவும் படிச்சதுல எனக்கு உறுத்தற ஒண்ணு. பாட்டு முறை அழகானதுதான், ஆனா அதுக்கு வெளியே நிக்கறவங்களும் எங்க ஏரியில உண்டு. இருளர் மக்கள் தண்ணியில உக்காந்து கையாலேயே தடவித் தடவி இறால் பிடிப்பாங்க. எந்த நோட்டுலயும் அவங்களுக்கு முறை கிடையாது. 1952-ல நீலகிரி இருளரோட ரத்தத்தை உலகம் படிச்சுது. 71 வருஷம் கழிச்சு, 2023 ஜூலை 1-ல தான் நாடு தழுவிய அரிவாள் செல் ஒழிப்பு இயக்கம் தொடங்கினாங்க, ஏழு கோடிப் பேரைச் சோதிக்கறதா இலக்கு. கட்டுரை எழுதறதுக்கும் வைத்தியம் வர்றதுக்கும் நடுவுல எத்தனை தலைமுறை பாருங்க. இன்னொண்ணு, நீலகிரி இருளரும் ஏரிக்கரை இருளரும் பேர்ல ஒண்ணுங்கறதால ரத்தத்துலயும் ஒண்ணுன்னு எழுதிடக் கூடாது. கேட்டு, சம்மதம் வாங்கி, தனியாப் பாத்துத்தான் எழுதணும்.

சம்மதம்னு சொன்னது சும்மா இல்லை. அமெரிக்காவுல ஹவசுபாய் பழங்குடிகள் சர்க்கரை நோய் ஆராய்ச்சிக்குன்னு ரத்தம் கொடுத்தாங்க. அதை வேற ஆராய்ச்சிக்கெல்லாம் எடுத்துக்கிட்டாங்கன்னு வழக்குப் போட்டு, 2010-ல மாதிரிகளைத் திரும்ப வாங்கினாங்க. நோட்டு மேல நம்பிக்கை போச்சுன்னா அப்புறம் யாரும் பேர் கொடுக்க மாட்டாங்க.

போன தடவை டாக்டரைப் பாக்கப் போனப்ப, மச்சானோட மாற்றத்தைப் பேர் ஊர் இல்லாமப் பொதுத் தரவுத்தளத்துல சேர்க்கலாமான்னு ஒரு படிவம் நீட்டினாங்க. நான் தமிழ்ல படிச்சுச் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் யோசிச்சான்.

"எம் பேரு வருமா?"

"வராது. எழுத்து மட்டும். இதயம் தடிச்சிருக்குன்னு ஒரு குறிப்பு."

"பாப்பாவுக்கு இதனால ஏதாவது தெரியுமா?"

"இப்ப இல்லை. வேற எங்கேயாவது இன்னும் ரெண்டு பேரும் இதே மாதிரி எழுதினாத் தெரியலாம்."

"அப்ப அவங்களும் நம்மள மாதிரி எவனாவது எழுதுவானான்னுதானே உக்காந்திருப்பாங்க. எழுதிக்கச் சொல்லு"ன்னுட்டுக் கையெழுத்துப் போட்டான்.

இப்ப அவன் கடலுக்குப் போறதில்லை, கரையில ஏலக்கணக்கு எழுதறான். தாத்தாவோட கையெழுத்து மாதிரியே இருக்கு. பாப்பாவுக்குப் போன மாசம் எக்கோ எடுத்தோம், நார்மல். அடுத்த வருஷமும் எடுக்கணும். ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை அந்த எழுத்துக்கு அர்த்தம் மாறியிருக்கான்னு ஆய்வகத்துல கேளுங்கன்னு டாக்டர் சொல்லியிருக்கார். கேட்டுக்கிட்டேதான் இருக்கப்போறேன்.

டிஸ்கி: உங்க வீட்டுல யாருக்காவது இந்த மாதிரி ரிப்போர்ட் இருந்தா, பீரோவுல பூட்டி வச்சுடாதீங்க. பொதுப் பேரேட்டுல சேர்க்க வழி இருக்கான்னு டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. படிவத்தை முழுசாப் படிச்சுட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்க. பதிவுல தப்பு ஏதும் இருந்தா விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க, திருத்திடறேன். நோட்டுன்னா திருத்தணும்னுதானே இவ்வளவு நேரம் சொன்னேன் :-)